காப்புக் கட்டிய டீம் மேனேஜர்

என் வீட்டுக்காரர் சென்னியப்பனைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் பேசமாட்டார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரசத்தில் உப்பு இல்லையென்றால் கேட்கமாட்டார். ரசத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானாகப் புரிந்துகொண்டு எடுத்துப் போட வேண்டும். கல்யாணமான புதிதில், ஊமையைப் பிடித்துத் தலையில் கட்டிவிட்டார்களே என்று வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நின்று அழுதுகூட இருக்கிறேன். "பேசாத மாப்பிள்ளை கெடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் அம்மிணி" என்று என் அம்மா சமாதானம் சொன்னாள். அவளுக்கென்ன, எங்கள் அப்பா தூக்கத்திலும் பேசுகிறவர்.

நாங்கள் இருவரும் சிங்காநல்லூரில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். நான் ரீலிங்கில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிறவள். அவர் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் மேஸ்திரி. அதோடு மில்லின் கால்பந்து டீமுக்கு மேனேஜரும் அவர்தான். இளவட்டத்தில் நன்றாக ஆடினாராம், முழங்கால் போனதும் டீமை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மில் மைதானத்துக்குப் போவார். இருட்டியதும் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். பஞ்சுத் தூசிதான் என்று நினைத்துப் பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுப்பேன். அதையும் பேசாமல் குடிப்பார். எத்தனை வருஷத்து மிளகு வீணாய்ப் போயிற்று என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உண்மை தெரிந்தது தொண்ணூற்று மூன்றில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஹபீபுன்னிசாவும் ஓவர்டைம் முடித்து மைதானத்து வழியாக நடந்து வந்தோம். ஹபீபுன்னிசா ரீலிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின்காரி. உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். அவள் மகன் தாரிக்தான் மில் டீமின் கோல்கீப்பர். மைதானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"ஹபீபு, அங்க யாரோ யாரையோ வெட்டப் போறாங்க. வா, அக்கட்ட சுத்திப் போயிரலாம்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அக்கா, அது உங்க ஊட்டுக்காரரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை உருவிச் சுழற்றியபடி ஒரு மனிதர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஆடுகிற பதினொரு பேரைவிட அவர்தான் அதிகம் ஓடினார்.

"டேய் சென்னிமலை! அங்கியே நிக்கறயே, உங்கப்பன் தோட்டத்துக்குத் தண்ணி கட்டறயாடா? மேல ஏறுடா! அடேய் கிருபாசங்கரு, பந்தெ உடுடா! கட்டிப்புடிச்சுட்டுக் குடும்பம் நடத்தறயா அங்க?"

வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்கள். அதைப் பழமொழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழமொழிதான் எனக்குத் தாலி கட்டியிருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டமும் விடவில்லை. சினிமாவுக்குக் காசு கொடுக்க வேண்டாமே! போகப் போக ஒன்றைக் கவனித்தேன். அவர் கத்துவது எல்லார்மேலும் ஒரே கத்தல்தான், ஆனால் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு விதமாகப் பலித்தது. முன்னால் ஆடும் கிருபாசங்கருக்குத் திட்டு என்பது டீத்தண்ணி மாதிரி. காலையிலிருந்து சோம்பிக் கிடப்பவன், "அடேய் எருமெ!" என்று ஒரு சத்தம் காதில் விழுந்ததும் சிலிர்த்துக்கொண்டு ஓடுவான். பின்னால் தடுத்து ஆடும் சென்னிமலைக்கு மில் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அவன் பாட்டுக்கு ஆடுவான், டீமிலேயே நிம்மதியான ஆத்மா அவன் ஒருவன்தான்.

தாரிக்தான் பாவம். பூனை மாதிரி பாய்கிற பையன், மேஸ்திரி இல்லாத பிராக்டீஸில் ஒரு பந்து உள்ளே போகாது. ஆட்டத்தன்று எதிராளி பந்தோடு வருவான். என் வீட்டுக்காரர் கோட்டோரத்திலிருந்து, "தாரிக்கு, பந்தெ பாருடா!" என்று அலறுவார். தாரிக் உடனே திரும்பி அவரைப் பார்ப்பான். பந்து உள்ளே போய்விடும். "பந்தெப் பாக்கச் சொன்னா என்னைய எதுக்குடா பாக்கறே?" என்று அதற்கும் ஒரு கத்தல். கூப்பிட்டால் திரும்பாமல் என்ன செய்வான்? பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்து வளர்ந்த பையன்!

ஒருமுறை ரெஃப்ரி பொறுக்கமாட்டாமல் இவரை மைதானத்தைவிட்டே வெளியேற்றினார். நல்லதாய்ப் போயிற்று என்று நான் மூச்சுவிடுவதற்குள், காம்பவுண்டுக்கு வெளியே நின்ற பஞ்சு லாரிமேல் ஏறி, மூட்டைகளின் உச்சியில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தார். மேலேயிருந்து இன்னும் நன்றாகவே கேட்டது. டிரைவருக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, வண்டியை எடுத்துவிட்டார். இவர் ஒண்டிப்புதூர்வரைக்கும் திட்டிக்கொண்டே போனாராம்.

மறு வருஷம் உலகக் கோப்பை வந்தது. டீமே எங்கள் வீட்டு டிவி முன்னால் கிடந்தது. கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்கார மேனேஜர்கள் கோட்டோரம் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துவதைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, புருவத்தை மட்டும் உயர்த்தினார். 'பார்த்தாயா, உலகம் பூராவும் இப்படித்தான்' என்று அர்த்தம். அதையும் வாயால் சொல்லவில்லை.

இத்தனை நாளும் இது எனக்கு வேடிக்கைதான். வேடிக்கை நின்றது தொண்ணூற்று ஐந்து பங்குனியில். அந்த சீசனில் டீம் தோற்றுக்கொண்டே வந்து, கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. துடியலூர்ப் பக்கத்து மில்லோடு ஆட்டம். தோற்றால் முதல் டிவிஷனிலிருந்து இறங்க வேண்டும். சமன் செய்தால்கூடப் போதும், தப்பித்துவிடலாம். மில்லின் பெரிய ஆபீசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "கோல்கீப்பர் சரியில்லை மேஸ்திரி. இதுலயும் தோத்தா அந்தப் பையனைக் கழட்டி உட்டுரலாம்."

டீமிலிருந்து கழற்றினால் மில்லிலிருந்தும் கழற்றிய மாதிரிதான். பந்து ஆடுவான் என்றுதான் தாரிக்கை டெம்பரரியாக எடுத்திருந்தார்கள். அவனுக்கு ஷைமா என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் நிக்காஹ் என்று பெண்வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள்.

மறுநாள் ஹபீபுன்னிசா மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, எம்பையன் நல்லாத்தான் ஆடறான். உங்களுக்கே தெரியும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் உங்க ஊட்டுக்காரரு வாயெக் கட்டிப்போடுங்க, அது போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு அழுகையும் வந்தது, என் வீட்டுக்காரர்மேல் ஆத்திரமும் வந்தது. "கட்டறேன் ஹபீபு. பாத்துட்டே இரு" என்றேன். எப்படிக் கட்டுவது என்று அப்போது சத்தியமாக எனக்கே தெரியாது.

மாரியாத்தாள்தான் வழி காட்டினாள். அந்த வாரமே எங்கள் ஊரில் நோம்பிக்குப் பூச்சாட்டி, அம்மன் திருவிழாவைத் தொடங்கினார்கள். பூவோடு எடுக்கிறவர்கள், அதாவது நெருப்புச் சட்டி ஏந்துகிறவர்கள், மஞ்சள் துணி உடுத்திக் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு அவிழ்க்கும்வரை கறி ஆகாது, கட்டில் ஆகாது, இரவு ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது. யாரையும் ஏசக் கூடாது. துடியலூர் மில்லோடு ஆட்டம் அந்த நாட்களுக்கு நடுவில்தான் வந்தது.

கோயிலில் ஊரே கூடியிருக்க, பூசாரி, "இந்த வருசம் பூவோடு யாரு யாருங்க?" என்று கேட்டார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து எட்டி நின்று, "எங்க ஊட்டுக்காரரு எடுக்கறாருங்க!" என்று உரக்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த நிமிஷம் 'இல்லீங்க' என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். மைதானத்தில் அத்தனை பேசுகிற மனுஷனுக்கு, நாலு பேர் முன்னால், பெண்டாட்டியை மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. விழித்தார். பூசாரி வந்து மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், என் வீட்டு நுணல் வாயைத் திறக்காமலே கெட்டது.

வழியெல்லாம் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். வீட்டுப்படி ஏறும்போது மட்டும், "வாயத் தெறந்தா அதுதான் வரும். தெறக்காமயே இருந்துக்கறேன்" என்றார். அவர் கணக்குக்கு அது பெரிய சொற்பொழிவு.

ஆட்டத்தன்று மஞ்சள் வேட்டி, கழுத்தில் துளசிமாலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் காப்போடு கோட்டோரம் போய் நின்றார். நானும் ஹபீபுன்னிசாவும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டோம். "இன்னிக்குப் பாரு உம்மகன் ஆட்டத்தெ" என்று அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அட கெரகமே! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவர் வாய்தான் சும்மா இருந்தது. மற்ற எதுவும் சும்மா இல்லை. பல்லைக் கடித்தார். புல்லைப் பிடுங்கினார். கண்ணை உருட்டினார். திட்டை எல்லாம் விழுங்கி விழுங்கிக் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அதோடு போயிற்றா? எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் காப்புக் கட்டியவர் என்றால் அம்மனே பாதி இறங்கி நிற்கிற மாதிரி. அவர் மனம் நொந்தால் சாபம் பலித்துவிடும் என்று பயம். இதுவரைக்கும் திட்டுக்குப் பயந்தவர்கள், இப்போது தெய்வக் குத்தத்துக்குப் பயந்தார்கள்.

கிருபாசங்கர் கோலுக்கு நேராக நின்று பந்தை வெளியே உதைத்தான். உதைத்தவன் திரும்பி ஓட வேண்டியதுதானே? நின்ற இடத்திலேயே என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சென்னிமலை ஒரு பந்தைக் கோட்டைவிட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். எதிர் டீம்காரர்கள் திகைத்துப்போய் இவர்களையும் பார்த்தார்கள், மஞ்சள் வேட்டியையும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டான்.

தாரிக் நிலைமை இன்னும் மோசம். முன்பெல்லாம் கூப்பிட்டால் பார்ப்பான், இப்போது கூப்பிடாமலே பார்த்தான். எதற்காக மேஸ்திரி பேசமாட்டேன் என்கிறார், நம்மைக் கைகழுவி விட்டாரா என்று அவனுக்குள் ஓடியிருக்கிறது. அப்படிப் பார்த்த ஒரு நேரத்தில் பந்து அவன் காலுக்கடியில் உருண்டு உள்ளே போனது. ஹபீபுன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த பெரிய ஆபீசர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

வாயை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்தோமே, எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது! அந்த மூஞ்சி அங்கே நிற்கிறவரை பையன்கள் பந்தை எங்கே பார்ப்பார்கள்?

இடைவேளை விசில் ஊதியதும் நான் நேரே அவரிடம் போனேன். ஹபீபுன்னிசாவும் பின்னாலேயே வந்தாள். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரோரமாகத் தரை சமன் செய்யும் கல் உருளை ஒன்று கிடந்தது.

"ஏனுங்க, அந்த உருளைமேல போய்ச் சுவத்தெப் பாத்து உக்காருங்க" என்றேன்.

தலையை வேகமாக ஆட்டினார், முடியாது என்று.

"காப்புக் கட்டுனவரு பொம்பளகிட்ட மல்லுக்கு நிக்கலாமுங்களா? அம்மனுக்கு ஆகுமா?"

போய் உட்கார்ந்தார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் கிழிந்து தொங்கிய சினிமா போஸ்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் அதைப் பார்க்காமல் இருப்பதென்பது, பசித்த குழந்தையைப் பந்தி ஓரத்தில் உட்கார வைத்த மாதிரிதான். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்திலேயே நின்றுகொண்டு, நடப்பதை நானே அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

முதலில் கொஞ்ச நேரம் பையன்கள் பழக்கத்தில் கோட்டோரம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. வேறு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். கோலுக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு குரல் வந்தது. "சென்னிமலையண்ணா, எடப்பக்கம் ஆளு வாராருங்க!" தாரிக்தான். இத்தனை நாளும் அவனுக்குக் குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. சென்னிமலைக்கும் அது எப்படியோ காதில் விழுந்தது.

கிருபாசங்கர் மட்டும் திட்டு இல்லாமல் வாடி வதங்கிக் கிடந்தான். தாரிக்கே அதையும் பார்த்துக்கொண்டான். "அடேய் கிருபா எருமெ, ஓடுடா!" என்று ஒரு போடு போட்டான். எருமை சிலிர்த்துக்கொண்டு ஓடிப்போய் கோல் அடித்தது. ஒன்றுக்கு ஒன்று!

நான் குதித்த குதியில் செருப்பு எங்கேயோ பறந்துபோனது. அதிலிருந்து எனக்கு என்ன பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. அவருக்குச் சொல்வதை விட்டுவிட்டு மைதானத்தைப் பார்த்தே கத்த ஆரம்பித்துவிட்டேன். "அக்கட்ட போடா! உடாதே! ஐயோ, அவனெப் புடிடா, கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" ஹபீபுன்னிசா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்டால்தானே?

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சென்னிமலை எதிராளியின் காலைத் தட்டிவிட்டான். ரெஃப்ரி விசில் ஊதி, எங்கள் கோலுக்கு முன்னால் கையைக் காட்டினார். மைதானம் அப்படியே அடங்கிப்போனது.

"என்ன அம்மிணி, சத்தத்தையே காணோம்?" என்றார் உருளைமேலிருந்து.

"பெனால்டிங்க. நம்ம கோலுக்குத்தான் அடிக்கறாங்க."

அவர் தோள் இரண்டும் விறைத்தன. கழுத்து பாதி திரும்பியது. போச்சு, காப்பாவது கோயிலாவது, இவர் இப்போது எழுந்து அலறப் போகிறார் என்று நினைத்தேன். தாரிக் தப்புப் பக்கமாக நிற்கிற மாதிரி தோன்றியது. "டேய் தாரிக்கு" என்று கத்த மூச்சை இழுத்தேன்.

அவர் கை பின்னால் நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"கத்தாத அம்மிணி" என்றார். "உட்டுரு. அவன் பாத்துக்குவான்."

ரசம் ஊற்றும்போது 'போதும்' என்பாரே, அதே குரலில் சொன்னார். அந்தக் குரலை அந்த மைதானம் கேட்டதே இல்லை. கோல் பக்கத்திலேயே இருந்ததால் தாரிக்குக்கும் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது மேஸ்திரியின் முதுகு மட்டும்தான். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார், அசையவில்லை. தாரிக் கொஞ்சம் நின்றான். பிறகு பந்தின் பக்கம் திரும்பி, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான்.

உதைத்த உதை வலது மூலைக்குப் போனது. தாரிக் அதற்கு முன்னாலேயே அங்கே பாய்ந்திருந்தான். பந்து அவன் உள்ளங்கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போய் விழுந்தது.

ஹபீபுன்னிசா "யா அல்லா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரெஃப்ரி கடைசி விசிலை ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. பெரிய ஆபீசர் நாற்காலியைவிட்டு எழுந்து வந்து தாரிக்கின் முதுகில் தட்டி, "நாளைக்கு ஆபீசுக்கு வா, ஆர்டர் போட்டுரலாம்" என்றார். எல்லாரும் குதித்தார்கள், கத்தினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உருளைமேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார்.

தாரிக் மண்ணும் வேர்வையுமாக ஓடிவந்து அவர் முன்னால் மண்டியிட்டான்.

"மேஸ்திரி, பாத்தீங்களா?"

"இல்ல கண்ணு."

"அந்த ஒண்ணெயாவது திரும்பிப் பாத்திருக்கலாமுங்களே!"

"நீ நிக்கறே. நானு எதுக்குப் பாக்கோணும்?"

அத்தனை வருஷத் திட்டுக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பையன், அதைக் கேட்டதும் கிளவுஸோடு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். அவர் அவன் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. கட்டின பெண்டாட்டி நிற்கிறாள் என்று நம்பி, பால் காய்கிற அடுப்பைவிட்டுக்கூட ஒரு நாளும் முகத்தைத் திருப்பாத மனுஷன் அவர்!